‘முதல்’னு இருந்தா முதல்ல பென்சிலை எடு

தங்கச்சி, ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல வாராவாரம் பேப்பர் கட்டிங் ஒட்டுற வேலையும், இலக்கிய மன்றத்துக்கு வினாடி வினா தயார் பண்ற வேலையும் உன் தலையில கட்டிட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. சந்தோஷமா செய். ஆனா சங்கீத வித்வான், சினிமாப் பாடகர், இசையமைப்பாளர் பத்தின செய்தின்னா மட்டும் கத்தரிக்கோலை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லு. மேல்மலையனூர்ல நூலகத்து மேஜைக்குப் பின்னாடி உட்கார்ந்து தினமும் அத்தனை பேப்பரையும் புரட்டுற அக்கா சொல்றேன், இந்தச் செய்திகள்ல வர்ற அளவுக்குத் தகவல் பிழை வேற எதுலயும் வர்றதில்ல.

காரணம் ரொம்ப சாதாரணம். அரசியல்வாதியைப் பத்தித் தப்பா எழுதினா மறுநாள் காலையில கட்சிக்காரங்க ஆபீஸ் வாசல்ல நிப்பாங்க. கிரிக்கெட் ஸ்கோர் ஒரு ரன் மாறினாலும் நூறு பேர் போன் போடுவாங்க. ஒரு பாடகரை இருக்குறதுக்கு மேல ஏத்திப் புகழ்ந்து எழுதினா யாரு சண்டைக்கு வருவா? அவரும் வரமாட்டார், ரசிகரும் வரமாட்டார். அதனால புகழ்ச்சிக்குள்ள இருக்குற பிழையை யாரும் தொடுறதே இல்ல. அடுத்த வருஷம் பிறந்தநாள் கட்டுரை எழுதுறவர் பழைய கட்டுரையைப் பார்த்து எழுதுவார். அஞ்சு வருஷத்துல அது சரித்திரம் ஆயிடும். நீ தேட வேண்டியது திட்டுற வரியை இல்ல, பாராட்டுற வரியை.

‘முதல்’ங்கிற இடம்

செய்தியில ‘முதல் இந்தியர்’, ‘முதல் தமிழர்’, ‘ஆசியாவிலேயே முதல்’னு எங்க வந்தாலும் பென்சிலால அடிக்கோடு போடு. போட்டுட்டு, ‘எதுல முதல்?’னு ஓரத்துல எழுது. பாதிப் பிழை அங்கேயே மாட்டிக்கும்.

ரஹ்மானை எடுத்துக்கோ. ஆஸ்கர் வாங்கின முதல் இந்தியர்னு இன்னைக்கும் பேச்சுப் போட்டியில பிள்ளைங்க முழங்குதுங்க. அவருக்கு முன்னாடியே, ‘காந்தி’ படத்துக்கு ஆடை வடிவமைச்ச பானு அத்தையா 1983ல வாங்கியாச்சு. சத்யஜித் ராய்க்கு 1992ல கௌரவ ஆஸ்கர். ரஹ்மான் 2009 பிப்ரவரியில ஒரே மேடையில ரெண்டு ஆஸ்கர் வாங்கினார். அப்படி ஒரே இரவுல ரெண்டு வாங்கின முதல் இந்தியர் அவர்தான். அதுல ஒண்ணு பின்னணி இசைக்கு, அவருக்கு மட்டும். இன்னொண்ணு பாட்டுக்கு, எழுதின குல்சாரோட பங்கு. குல்சார் பேரை முக்கால்வாசித் தமிழ்க் கட்டுரைகள் விட்டுடும், நீ விட்டுடாதே. அதே இரவுல ஒலிக்கலவைக்கு ரசூல் பூக்குட்டியும் வாங்கினார்.

கிராமியும் இப்படித்தான். ரஹ்மான் 2010ல ரெண்டு கிராமி வாங்கினார். ‘கிராமி வாங்கிய முதல் இந்தியர்’னு எழுதினா, 1968 விழாவுல யெஹுதி மெனுஹினோட சேர்ந்து வாங்கின பண்டிட் ரவிசங்கரை எங்க வைக்கிறது? சரி, முதல் தமிழர்னு மாத்திக்கலாம்னா, கடம் விக்கு விநாயக்ராம் நிக்கிறார். ‘பிளானெட் டிரம்’ ஆல்பத்துக்கு 1992ல கிராமி கிடைச்சப்போ அந்தக் குழுவுல வாசிச்சவர் அவர். ஒரு மண்பானையை வெச்சுக்கிட்டு உலக மேடைக்குப் போன மனுஷனை நாமளே மறந்துட்டு, பதினெட்டு வருஷம் கழிச்சு வந்தவரை முதல்வர் ஆக்குறோம். ரஹ்மானுக்கு இந்த ‘முதல்’ தேவையே இல்ல, அவருக்குச் சொல்லிக்க எத்தனையோ இருக்கு.

இளையராஜா விஷயத்துல எனக்கு ஆதங்கமே உண்டு. 2025 மார்ச் 8ல லண்டன்ல அவரோட ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறினப்போ ‘ஆசியாவிலேயே முதல்’ங்கிற மாதிரி தலைப்புகள் வந்துச்சு. ஜப்பான்காரர் கோசாகு யமடா 1912லேயே சிம்பொனி எழுதியாச்சு. இந்தியர்னு சுருக்கினாலும், 2010 ஜூலையில அதே லண்டன்ல, லண்டன் ஃபில்ஹார்மானிக் குழு ரவிசங்கரோட சிம்பொனியை வாசிச்சிருக்கு. இன்னொரு குழப்பமும் உண்டு. இளையராஜா 1993லயே ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவுக்காக ஒரு சிம்பொனி எழுதினார், அது ஆல்பமா வெளிவரல. 2005ல வந்த ‘திருவாசகம்’ வேற. அது பாட்டும் வாத்தியக் குழுவும் சேர்ந்த படைப்பு, ஆரட்டோரியோ வகை. இந்த மூணையும் ஒண்ணாக் கலந்து, ‘திருவாசகம் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினார்’னு எழுதுறாங்க. பண்ணைப்புரத்துல பிறந்து, 32 வயசுல முதல் படம் பண்ணி, எண்பதைத் தாண்டின வயசுல லண்டன் மேடையில தன் சிம்பொனியைக் கேட்க வெச்சவருக்கு இதைவிடப் பெரிய அலங்காரம் எதுக்கு? இருக்குறதை இருக்குறபடி எழுதினாலே பிள்ளைங்க வாயைப் பிளக்கும்.

எல்லா ‘முதலும்’ பொய்னு நினைச்சுடாதே. பாரத ரத்னா வாங்கின முதல் இசைக் கலைஞர் எம்.எஸ். சுப்புலட்சுமி, 1998. சங்கீத கலாநிதி வாங்கின முதல் பெண்ணும் அவர்தான், 1968. ரெண்டும் எந்தப் பட்டியல்ல தேடினாலும் நிக்கும். ஆஸ்கர், கிராமி ரெண்டுக்கும் அந்தந்த அமைப்போட வலைத்தளத்துல பேரைப் போட்டுத் தேடலாம். பத்ம விருதுகளுக்கு ஒன்றிய அரசோட பட்டியல் 1954லேர்ந்து வருஷவாரியா இருக்கு. செல்போன்ல ரெண்டு நிமிஷ வேலை.

விருது வருஷத்துல ஒரு சின்னச் சிக்கல். 2008ல வந்த படத்துக்கு 2009ல ஆஸ்கர். 1967க்கான கிராமி 1968 விழாவுல. அதனால ரெண்டு பேப்பர்ல ரெண்டு வருஷம் இருந்தா உடனே தப்புன்னு குதிக்காதே. விழா நடந்த வருஷம்னு தெளிவாப் போட்டுடு, முடிஞ்சது.

சைபருங்க கூடக் கூட…

அடுத்து பாட்டுக் கணக்கு. பாடகர் காலமானா இட்லி மாவு மாதிரி பொங்குற ஒரே விஷயம் இதுதான். எஸ்.பி.பி. பாடினது நாற்பதாயிரம்னு ஒரு பேப்பர், நாற்பத்தஞ்சுன்னு இன்னொண்ணு, ஐம்பதாயிரம்னு மூணாவது. மூணும் ஒரே நாள்ல நம்ம நூலகத்து மேஜையில கிடக்கும்.

இதுக்கு ஒரு வழி சொல்றேன், பிள்ளைங்களை வெச்சே செய்யலாம். கணக்கு நோட்டை எடுக்கச் சொல்லு. எஸ்.பி.பி.யோட முதல் பாட்டு 1966 டிசம்பர்ல. காலமானது 2020 செப்டம்பர் 25ல. 54 வருஷம்னு வை. 54ஐ 365ஆல பெருக்கினா 19,710 நாள். நாற்பதாயிரத்தை அதால வகுத்தா நாளைக்கு ரெண்டு பாட்டு. தீபாவளி, காய்ச்சல், ஃபிளைட்ல போன நாள், மேடைக் கச்சேரி நாள், டி.வி. நிகழ்ச்சி நாள் எல்லாம் சேர்த்து, ஒருநாள் விடாம, 54 வருஷம். அவர் ஒரே நாள்ல நிறையப் பாட்டு பதிவு பண்ணக்கூடியவர்தான், இல்லன்னு சொல்லல. ஆனா யாரும் பட்டியல் போட்டு எண்ணாத எண்ணை வினாடி வினாவுல ‘சரியான விடை’ன்னு வைக்காதே. அவருக்கு ஆறு தேசிய விருதுன்னு கேளு, அது எண்ணினது.

லதா மங்கேஷ்கர் கதை இதைவிடப் பிரமாதம். 1948லேர்ந்து 1974 வரைக்கும் 25,000 பாட்டுன்னு கின்னஸ் புத்தகமே 1974 பதிப்புல போட்டுச்சு. வகுத்துப் பாரு, நாளைக்கு ரெண்டரைக்கு மேல வருது. முகமது ரஃபி ஆட்சேபம் தெரிவிச்சு, தன் பாட்டு அதைவிட அதிகம்னு எழுதினார். பிற்பாடு 1991ல அந்தப் பதிவையே கின்னஸ் எடுத்துடுச்சு. எடுத்தது யார் காதுலயும் விழல. 2022 பிப்ரவரியில லதா காலமானப்போ அந்த 25,000 திரும்ப வந்துச்சு, கூடவே முப்பதாயிரமும் ஐம்பதாயிரமும். அச்சான எண் இப்படித்தான், ஒருமுறை வெளியில போயிட்டா மூலப் புத்தகமே திருப்பிக் கூப்பிட்டாலும் வராது.

இப்போ பி. சுசீலாவைப் பாரு. 2016ல கின்னஸ் பதிவுல ஏறின எண் 17,695. ஆறு இந்திய மொழிகள்ல. கடைசியில ரெண்டு மூணு சைபர் உட்கார்ந்திருக்கா? இல்ல. 17,000னோ 18,000னோ உருட்டாம கடைசி அஞ்சு வரைக்கும் சொல்லுதுன்னா, யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு பாட்டா எண்ணியிருக்காங்க. நான் நம்புறது இந்த மாதிரி எண்ணைத்தான். சைபர் கூடக் கூட சந்தேகமும் கூடணும்.

பெரிய எண்ணெல்லாம் புருடான்னும் இல்ல. இளையராஜாவோட ஆயிரமாவது படம் ‘தாரை தப்பட்டை’, 2016 ஜனவரி. ‘அன்னக்கிளி’ 1976. நாற்பது வருஷத்துல ஆயிரம்னா வருஷத்துக்கு 25 படம், மாசத்துக்கு ரெண்டு. எண்பதுகள்ல அவர் ஓடின ஓட்டத்துக்கு இது பொருந்தி வருது. வகுத்துப் பார்த்துட்டு நம்பு, அவ்வளவுதான் நான் சொல்றது.

ஒரே பேர்ல ரெண்டு பேர்

செய்தியில இனிஷியல் மட்டும் பார்த்துட்டுப் படம் தேடி ஒட்டாதே. டி.ஆர். மகாலிங்கம்னு ரெண்டு பேர், இனிஷியல்கூட அப்படியே. ஒருத்தர் சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர், நடிச்சுப் பாடினவர், 1924–1978. இன்னொருத்தர் திருவிடைமருதூர்க்காரர், புல்லாங்குழல் ‘மாலி’, 1926–1986. வயசும் கிட்டத்தட்ட ஒண்ணு, காலமும் ஒண்ணு. ‘மகாலிங்கம் புல்லாங்குழலும் வாசிப்பார், படத்திலும் நடிப்பார்’னு ஒருத்தர் எழுதினா நம்பவே தோணும்.

பாலசந்தர் அடுத்தது. 1954ல பாட்டே இல்லாம ‘அந்த நாள்’ எடுத்தவர் வீணை எஸ். பாலசந்தர். இயக்குநர் சிகரம் கே. பாலசந்தர் வேற. ‘அந்த நாள்’ படத்தை கே.பி. கணக்குல எழுதுறவங்க இன்னும் இருக்காங்க. நந்தனார் சரித்திரம் பாடின கோபாலகிருஷ்ண பாரதி வேற, எட்டயபுரத்து சுப்பிரமணிய பாரதி வேற, சுத்தானந்த பாரதி வேற. வெறும் ‘பாரதி’ன்னு இருந்தா எந்த பாரதின்னு கேளு.

தட்சிணாமூர்த்தின்னா இன்னும் சங்கடம். தவில்ல பேர் போன யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975ல காலமாயிட்டார். 2025ல பத்மஸ்ரீ வாங்கின தட்சிணாமூர்த்தி புதுச்சேரிக்காரர், அவரும் தவில்தான். கஞ்சிராவுல கொடிகட்டிப் பறந்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை இவங்களுக்கெல்லாம் முந்தின தலைமுறை. இணையத்துல படம் தேடினா முதல்ல யார் படம் வரும்னு சொல்லவே முடியாது. ஊர், வாத்தியம், காலம் மூணும் பொருந்தினாத்தான் படத்தை ஒட்டு. நாதஸ்வரம், தவில் கலைஞர்கள்னா பி.எம். சுந்தரம் எழுதின ‘மங்கல இசை மன்னர்கள்’ புத்தகத்தைத் தேடிப் பிடி. பழைய வித்வான்கள்ல கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதி, மகா வைத்தியநாதையர் மூணு பேருக்கும் உ.வே.சா.வோட ‘சங்கீத மும்மணிகள்’ இருக்கு. செல்போன்ல தேடுறதைவிட அதுல சீக்கிரம் கிடைக்கும்.

பிறந்தநாளா, நினைவு நாளா

தை மாசம் திருவையாறு செய்தி வரும். ‘தியாகராஜர் ஜெயந்தி விழா’ன்னு போட்டிருந்தா அடிச்சிடு. அது அவர் சமாதி ஆன திதி, புஷ்ய பகுள பஞ்சமி. திதிப்படி வர்றதால இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் மாறும். எத்தனையாவது ஆராதனைன்னு போட்டிருக்குறதையும் கழிச்சுப் பாரு. 1847ஐக் கழிச்சா வர்ற எண் சரி. அவர் பிறந்த 1767ஐக் கழிச்ச எண் வந்திருந்தா, எழுதினவர் ரெண்டையும் குழப்பிட்டார்னு அர்த்தம். அவர் பிறந்ததும் திருவையாறு இல்ல, திருவாரூர். தீட்சிதர், சியாமா சாஸ்திரியும் அதே திருவாரூர்தான்.

இளையராஜா பிறந்தநாள் ஜூன் 2ன்னு ஒரு பேப்பர், 3ன்னு ஒரு பேப்பர் போடும். பிறந்தது 3ல. கலைஞர் பிறந்தநாளும் ஜூன் 3ங்கிறதால அதை அவருக்கு விட்டுக்கொடுத்து, தான் 2ம் தேதி கொண்டாடுறதா அவரே சொல்லியிருக்கார். ரெண்டு தேதியையும் காரணத்தோட ஒட்டு, பிள்ளைங்களுக்கு அதுவே ஒரு நல்ல கதை.

கதைன்னதும் ஞாபகம் வருது. எட்டயபுரத்துல தீட்சிதர் பாடி மழை வந்ததை, நேர்ல குடை பிடிச்சுக்கிட்டு நின்ன நிருபர் மாதிரி எழுதுவாங்க. அது வழிவழியா வர்ற கதை, ‘என்பார்கள்’னு ஒரு சொல் சேர்த்துட்டா தீர்ந்தது. தேசிங்கு கதைப்பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாதா? பாட்டுல வர்ற தேசிங்கு ஒருத்தர், 1714ல ஆற்காட்டு நவாப் படையோட மோதிச் செத்த தேஜ் சிங் ஒருத்தர். ரெண்டும் வேணும், ஆனா ரெண்டையும் ஒரே பத்தியில குழைக்கக் கூடாது.

சாவுச் செய்திக்கு ஒரு ராத்திரி பொறு

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன் காலமானார்னு அன்னைக்கே செய்தி ஓடிடுச்சு. ஒன்றிய அரசோட தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே இரங்கல் பதிவு போட்டுட்டு, அப்புறம் எடுத்துச்சு. குடும்பத்துலேர்ந்து, ‘இன்னும் மூச்சு இருக்கு, பிரார்த்தனை பண்ணுங்க’ன்னு சொன்னாங்க. மறுநாள் குடும்பமே மரணத்தை உறுதிப்படுத்துச்சு. சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில, 73 வயசு. ‘எப்படியும் உண்மையாத்தானே ஆச்சு’ன்னு கேக்காதே. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்திருந்தவங்க போனுக்கு அந்த நேரம் எத்தனை இரங்கல் வந்திருக்கும்னு யோசி.

நல்ல செய்தியும் முந்திக்கிட்டு வந்தா வேதனைதான். 2020 ஆகஸ்ட் 24ல எஸ்.பி.பி.க்குக் கொரோனா இல்லன்னு முடிவு வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் செய்தி. அது வதந்தின்னு மகன் சரண் வீடியோ போட்டுச் சொல்ல வேண்டியிருந்துச்சு. செப்டம்பர் 7லதான் சரணே நெகட்டிவ்னு சொன்னார். அதனால உடல்நிலை, மரணம் ரெண்டுக்கும் குடும்பம் இல்லன்னா மருத்துவமனை அறிக்கை யார் பேர்ல வந்திருக்குன்னு பாரு. ‘தகவல்கள் தெரிவிக்கின்றன’ன்னு மட்டும் இருந்தா ஒட்டாதே. நோட்டீஸ் போர்டு என்ன டி.வி. சேனலா, முந்திக்கிறதுக்கு?

நம்ம ஊர்ப் பம்பைக்காரர்

மாசி மயானக்கொள்ளை முடிஞ்ச மறுநாளும், அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு மறுநாளும் பேப்பர்ல நம்ம அங்காளம்மன் கோயில் படம் வரும். கீழ ‘மேளதாளம் முழங்க’ன்னு ஒரே வரி. படத்துல இருக்குறது பம்பை. ரெண்டு உருளையைச் சேர்த்துக் கட்டி, இடுப்புக்குக் குறுக்கே தொங்கவிட்டு, குச்சியால அடிக்கிறது. தவில்னா ஒரே பீப்பாய், ஒரு பக்கம் கழி, இன்னொரு பக்கம் விரல்ல கூடு மாட்டின கை. பக்கத்துல உடுக்கைக்காரர் நடுவுல இருக்குற கயிற்றை அழுத்தி அழுத்தி விடுவார், அதுலதான் அந்த விம்மல் வரும். சாமி வர்றவங்க காதுல விழுறது அந்த விம்மல்தான்.

பெரிய பாடகருக்கு இல்லாத ஐயாயிரம் பாட்டைச் சேர்த்து எழுதுற அதே பக்கத்துல, ராத்திரி முழுக்க வாசிச்சவருக்குப் பேரே கிடையாது, வாத்தியத்துக்கும் சரியான பேர் கிடையாது. எனக்கு இது 25,000 கணக்கைவிடப் பெரிய பிழையாத் தெரியுது. உன் பிள்ளைங்கள்ல பம்பைக்காரர் வீட்டுப் பிள்ளை இல்லாமயா இருக்கும்? அந்தப் படத்தை ஒட்டுறப்போ வாத்தியத்தோட பேரையும், கேட்டு, அவங்க சம்மதிச்சா வாசிச்சவர் பேரையும் கீழ நீயே எழுது.

திருத்தம் கேட்டு எழுதுறது

பிழை கண்டா பேப்பருக்கு எழுது. கோபமா எழுதாதே, படிக்கமாட்டாங்க. தேதி, பதிப்பு, பக்கம், தலைப்பு. அச்சான வரி அப்படியே. அதுக்குக் கீழ சரியான தகவல். அதுக்கு ஒரு ஆதாரம். அவ்வளவு போதும். பதிப்பு முக்கியம், விழுப்புரம் பதிப்புல வந்தது சென்னைப் பதிப்புல வந்திருக்காது. ஒரு கடிதத்துல ஒரு பிழைதான். மூணு எழுதினா மூணும் குப்பைக்குப் போகும். ‘ஆசிரியருக்கு’ன்னு போடு, நிருபர் பேரைப் போட்டு மாட்டிவிடாதே. பாவம், பாதி நேரம் தலைப்பு போடுறது அவர் இல்ல.

‘தி இந்து’ 2006லேயே வாசகர் ஆசிரியர்னு ஒருத்தரை வெச்சு, திருத்தங்களைத் தினமும் போட ஆரம்பிச்சுது. எல்லா இடத்துலயும் அப்படி ஒருத்தர் இருக்கமாட்டார், ஆனா ஆசிரியர் முகவரி எல்லாப் பேப்பர்லயும் அச்சாகியிருக்கும். பாட்டு எண்ணிக்கை மாதிரி விஷயத்துக்கு இந்தக் கடிதத்தோட விட்டுடு. உயிரோட இருக்குறவரைச் செத்தவராக்குற மாதிரி, ஒரு குடும்பத்தைப் புண்படுத்துற பிழையா இருந்து, ஆசிரியரும் கண்டுக்கலன்னா, டெல்லியில இருக்குற இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். ஆனா முதல்ல ஆசிரியருக்கு எழுதியிருக்கணும், அந்தக் கடித நகலை இணைக்கணும். நாளிதழ், வார இதழ்னா செய்தி வந்த ரெண்டு மாசத்துக்குள்ள போகணும். அதனால எழுதின கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோ, பேப்பர்ல அந்தப் பக்கத்தை முழுசாக் கிழிச்சு வை. செய்தியை மட்டும் கத்தரிச்சா தேதி போயிடும்.

பிள்ளைங்களையே எழுத வை. அஞ்சலட்டை போதும். திருத்தம் அச்சாகி வந்தா, பழைய கட்டிங்கை எடுத்துடாம அதுக்குப் பக்கத்துலயே இதையும் ஒட்டு. எழுதின பிள்ளை பேரைக் கீழ போடு, இனிஷியலோட.